பிரபஞ்சமும் ஒரு கடைவாய்ப் பல்லும்

ஊசி போட்டுத் தாடை மரத்திருந்தும், பல் டாக்டர் இடுக்கியை எடுத்ததும் லாரி ஓட்டுநர் சிங்கராயருக்கு உயிர் தொண்டைக்கு வந்தது. எதையாவது கேட்டு நேரத்தை ஓட்டப் பார்த்தார். "டாக்டரம்மா, இந்தப் பிரபஞ்சம் எங்கதான் முடியுது?"

மங்கையர்க்கரசி டாக்டரின் கை அப்படியே நின்றது. "முடியுதுன்னே வச்சுக்குவோம். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?"

"வெறும் வெட்டவெளிதான்."

"வெட்டவெளியும் ஒரு இடம்தானே? அப்ப அதுவும் பிரபஞ்சத்துக்குள்ளதானே வரும்?" டாக்டர் இடுக்கியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே தன்னை அரிக்கும் கேள்வி இது என்றும், வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை என்றும் சொன்னார். சிங்கராயருக்கு நிம்மதியாக இருந்தது. பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது. மரப்பு விலகி, வலி காது வரை குடைந்தது.

"அம்மா, அந்தப் பக்கம் என்ன எழவு வேணா இருக்கட்டும். பல்லைப் புடுங்கிடுங்க!"

டாக்டர் மனமில்லாமல் எழுந்து மறுபடி ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து, பல்லைக் கவ்விப் பிடித்தபடி குனிந்து கேட்டார்: "ஒருவேளை அங்கயும் யாராவது உக்காந்து, நாம இருக்கோமா இல்லையான்னு பேசிட்டிருப்பாங்களோ?"

சிங்கராயர் முதல்முறையாக அதை உண்மையாகவே யோசித்தார். பல் தட்டில் விழுந்து வெகுநேரமாகியும் அவர் வாயை மூடவில்லை.