சுவருக்கு இப்பால் ஒரு படகு

ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரலில், தென்காசியில் நல்லதம்பி வீட்டுக்குள் படகு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் உட்காரும் படகு. ஆங்கிலப் பத்திரிகைப் படத்தைப் பார்த்து, விரல் அகல மரப்பட்டிகளை வரிசையாக ஒட்டினார்.

அண்ணன் இசக்கியப்பனோடு பாகம் பிரிந்து, கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பியதிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. இரண்டு தடவை சமாதானம் பேசப் போனார். அண்ணன் முகம் கொடுக்கவில்லை.

“குத்தால அருவியில ஏத்தப் போறீராவே?” என்று தெரு கேலி பேசியது. அவர் பட்டியை இழைத்துக்கொண்டிருந்தார்.

படகு முடிந்தது. ஆனால் அவர் பாகத்து வாசல் வளைந்த முடுக்குச் சந்தில் திறந்தது. அந்த வளைவில் படகு திரும்பவில்லை.

“அறுத்துத்தான் எடுக்கணும்வே” என்றது தெரு.

நல்லதம்பி படகின் விளிம்பில் ரம்பத்தை வைத்தார். சுவருக்கு அப்பாலிருந்து, ஆறு வருஷம் கழித்து அண்ணன் குரல் கேட்டது.

“ஏலே, கூறுகெட்டவனே! படகு செய்யத் தெரிஞ்சவனுக்கு வாசலை அளக்கத் தெரியலியா? ரம்பத்தைக் கீழ போடுலே!”

அப்பாலிருந்து சுவரில் கடப்பாரை விழுந்தது. சாயங்காலத்துக்குள் சுவர் இல்லை. படகு அண்ணன் கூடம் வழியாகத் தெருவுக்கு வந்தது. தலையெல்லாம் சுண்ணாம்போடு இசக்கியப்பன் தம்பி வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

அண்ணன் குளிக்கப் போனதும் நல்லதம்பியிடம் அவர் மனைவி மாடத்தி கேட்டாள்: “எப்ப குளத்துல இறக்கப் போறிய?”

“இறக்க முடியாது. வஜ்ரப் பசையில ஒட்டுனது. தண்ணி பட்டா கரைஞ்சிரும்.”

“தெரிஞ்சா ஒட்டுனிய?”

நல்லதம்பி உடைந்த செங்கற்களை அள்ளிக் கொல்லையில் கொட்டப் போனார்.

“தெரிஞ்சுதான்.”