தோளில் ஒரு கை

வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் மதியழகனைத் தட்டிக்கொடுத்தார்கள். "வாங்க தம்பி" என்று சிரித்தபடியே, சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று இடது தோளில் விரல்கள் தேடும். இல்லையென்று தெரிந்ததும், அந்த வீட்டை நேற்றே வேறு யாரோ பேசி முடித்திருப்பார்கள். சாதி கேட்டால் சட்டத்தைக் காட்டலாம், தட்டிக்கொடுப்பவரிடம் எதைக் காட்டுவது என்பான். வண்டியில் திரும்பும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி எழிலி அதே தோளில் கன்னத்தை வைத்துக்கொள்வாள்.

இன்றைக்கு சேஷகிரி என்பவரின் மாடி வீடு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவனின் தோளில் அவர் கை விழுந்தது. மதியழகனுக்குப் பொறுக்கவில்லை.

"தேடாதீங்க சார். பூணூல் இல்ல. இப்பவே சொல்லிடுங்க, நாங்க கிளம்பறோம்."

கை அப்படியே நின்றது. அவர் முகம் சிவந்தது.

"சுவத்துல சாஞ்சுட்டேள். சட்டையெல்லாம் சுண்ணாம்பு," என்றார் மெதுவாக. "அசையாம நில்லுங்கோ, இன்னும் போகலை."

கை மறுபடியும் தட்டத் தொடங்கியது. எழிலி இருவரையும் பார்த்தாள். பிறகு, நல்ல புடவை என்றும் பாராமல், சுண்ணாம்பு ஒட்டுகிறதா என்று பார்க்க அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.