மண்டி வாசலில் சோதனை

“முக்காட்டை எடும்மா!”

மேஸ்திரி முருகையன் போட்ட சத்தத்துல மல்லாட்டை மண்டியே அடங்கிப்போச்சு. வேலை முடிஞ்சு கிளம்பின பொம்பளைங்க எல்லாம் வாசல்லயே நின்னுட்டாங்க.

ஹபீபா முக்காட்டை இன்னும் இறுக்கி இழுத்துக்கிட்டா. பர்மா சர்க்கார் கடையைப் பிடுங்கிக்கிட்டு விரட்ட, கட்டின துணியோட கப்பலேறி வந்து எட்டு மாசம்தான் ஆகுது. செஞ்சி கடைத்தெருவுல அவ ஏறாத படி இல்லை. “பர்மாக்காரியா? வேலை இல்லே, போ”ன்னு எத்தனை பேர் விரட்டினாங்க! கடைசியா கிடைச்சது இந்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்கிற வேலைதான். இதுவும் போச்சுன்னா, படுத்த படுக்கையாக் கிடக்கிற புருஷனுக்கும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் கஞ்சிக்கு எங்கே போவா?

“ஒரு வாரமா பருப்பு குறையுது. நாடு விட்டு நாடு வந்ததுங்களை உள்ளே விட்டா வேற இன்னா நடக்கும்?”

“மடியை உதறிக் காட்டிட்டேனுங்களே...”

“மடியில இல்லேன்னா தலையில இருக்குது!”

“ரத்தினம்மா அக்கா உள்ளே கூட்டிட்டுப் போய்ப் பார்க்கட்டுமுங்க. ஆம்பளைங்க முன்னாடி வேணாமுங்க. எங்க மார்க்கத்துல...”

“உன் மார்க்கத்தை வூட்டோட வச்சுக்க. இங்கேயே எடு. நாளையிலேருந்து முக்காடு போட்டுக்கிட்டு வர்றதா இருந்தா வரவே வேணாம்.”

“பாவம், வுட்டுடு மேஸ்திரி”ன்னா, கூட வேலை செய்யற ரத்தினம்மாள்.

“ஏன், உனக்கும் வேலை வேணாமா?”

ரத்தினம்மாள் ரெண்டடி பின்னால தள்ளி நின்னுக்கிட்டா. சே, இன்னா பொழப்பு இது!

யா அல்லா, இப்ப இன்னா செய்யறது? ஹபீபாவுக்குப் பொண்ணுங்க முகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு முக்காட்டு நுனியைப் பிடிச்சா.

“இன்னாய்யா கூட்டம்?”

முதலாளி ஆதிநாராயணன்! சாயங்காலத்துல மண்டிப் பக்கமே தலை காட்டாத மனுஷன், திடுதிப்புன்னு வாசல்ல வந்து நின்னாரு.

முதலாளி எதிரே தலையில துணியோட நிக்கிறது மரியாதை இல்லே. முருகையனுக்கு அது இருபது வருஷப் பழக்கம். “கும்புடறேனுங்க!”ன்னு பதறிக்கிட்டே தலை முண்டாசை உருவிக் கக்கத்துல இடுக்கினான்.

பொலபொலன்னு காலடியில கொட்டிச்சு, அரைப்படி மல்லாட்டைப் பருப்பு.