குதிரைக்கு அரைத்த மருந்து

மருந்து உருண்டை விரல்நுனியில் இருந்தது. வீரணன் கையைக் குதிரையின் வாய்க்குள் விடவில்லை.

“ஏன் நிப்பாட்டிட்ட?” என்றாள் நாகம்மை ஆச்சி. லாயத்து வாசலில் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். வண்டிக்காரன் சின்னக்கருப்பன் குதிரையின் கயிற்றைத் தூணில் சுற்றி, முனையைக் கையில் பிடித்திருந்தான்.

வீரணன் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஐப்பசி மழையில் காரைக்குடி ஜட்கா குதிரைகளுக்கெல்லாம் சளிக்காய்ச்சல் கண்டிருந்தது. மூக்கு ஒழுகி, இருமி, தீனி எடுக்காமல் நின்றன. ஆடாதோடை இலையும் நிலவேம்பும் மிளகும் சேர்த்து அரைத்து, கருப்பட்டியில் உருட்டி, நாக்கை இழுத்துப் பிடித்துத் தொண்டைக்குள் தள்ளுவான் வீரணன். ஒவ்வொன்றாக எழுந்து வண்டி இழுக்கப் போயின. அதன்பிறகு அவனை வழியில் கண்டால் ஜட்காக்காரர்கள் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள்.

ஆச்சி வீட்டு வெள்ளைக் குதிரைக்கும் அதே காய்ச்சல் என்றுதான் அவனை அழைத்து வந்திருந்தார்கள்.

எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. ஆனால் இருமல் இல்லை. மூக்கில் சளியும் இல்லை.

சின்னக்கருப்பன் கால் பட்டு வாளி உருண்டது. அந்தச் சத்தத்துக்குக் குதிரையின் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. பிறகு அது கழுத்தை வளைத்து, தன் பின்னங்காலைத் தானே கடித்தது. தோல் கிழிந்து சதை தெரிந்தது. அப்போதும் விடாமல் கடித்தது.

வீரணன் சத்தம் காட்டாமல் பின்னால் நகர்ந்தான்.

“கயித்தைக் கட்டிட்டு வெளிய வந்துரு. அது வாய் பட்ட எதையும் தொடாத.”

சின்னக்கருப்பன் வெளியே வந்ததும் வீரணன் லாயத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

“ஆச்சி, அது கடிக்கிற கால்ல எப்பவாச்சும் நாய் கடிச்சுச்சா?”

ஆச்சி சின்னக்கருப்பனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆவணியில ஒரு நாய் உள்ள வந்துச்சு. தெரு நாய்தான். அடிச்சு விரட்டியாச்சு. லேசாப் பல்லு பட்டிருந்துச்சு, மஞ்சள் வச்சோம். ஆறிப் போச்சு.”

“அது வெறிநாய் ஆச்சி. இனி இது பிழைக்காது. யாரும் கிட்டப் போகாதீக.”

உள்ளே குதிரை சுவரை உதைத்தது. காரை உதிர்ந்து விழும் சத்தம் கேட்டது.

ஆச்சி குதிரையைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. “நீ அங்குட்டுப் போ” என்று சின்னக்கருப்பனை அனுப்பினாள். அவன் வண்டிக்கொட்டகைப் பக்கம் மறையும்வரை பொறுத்திருந்தாள்.

“மனுசருக்குன்னா இதுல எவ்வளவு கொடுக்கலாம் வீரணா?”

அவனுக்கு உடனே விளங்கவில்லை.

“நாயை விரட்டுனது குமரப்பன்தான். அவன் கெண்டைக்காலையும் பிடிச்சிருச்சு.”

குமரப்பன் அவளுடைய ஒரே மகன்.

“பொண்ணு பேசிக்கிட்டிருந்தோம். வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாகளோன்னு யார்ட்டயும் மூச்சு விடலை.”

வீரணன் கையிலிருந்த உருண்டையைக் குப்பைக்குழியில் எறிந்தான்.

“இது இருமலுக்கு ஆச்சி. நாய்விசத்துக்கு எந்தப் பச்சிலையும் கேக்காது. என்ட்டயும் இல்ல, எவன்ட்டயும் இல்ல. குன்னூர்ல ஊசி போடுறாக. நோவு வெளிய தெரியிறதுக்குள்ள போட்டாகணும். சாயங்கால ரயில்லயே ஏத்தி விட்ருங்க.”

தன்னிடம் மருந்து இல்லையென்று அவன் இதுவரை எந்த வாசலிலும் சொன்னதில்லை. இப்போது அது கூச்சமாகவே இல்லை. ரயிலைப் பிடித்துவிட வேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழி ஒன்று தெரிந்ததில் அவளுக்குக் குரல்கூடத் திரும்பியிருந்தது.

“இன்னைக்கே அனுப்பிடறேன். துணைக்கு ஆள் போகட்டும். ரயில்ல ஜன்னலை மட்டும் சாத்தி வைக்கச் சொல்லணும்.”

“ஏன் ஆச்சி?”

“இந்தச் சளிக்காய்ச்சல் அவனுக்கும் வந்திருக்கும்போல. நேத்துலேருந்து காத்தே ஆகமாட்டேங்குது. விசிறியை எடுத்தாலே தொண்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறான்.”

வீரணன் நிமிர்ந்து பார்த்தான். மழை விட்ட புழுக்கத்தில் தெரு முழுக்கக் கதவுகளைத் திறந்து போட்டிருந்தார்கள். ஆச்சி வீட்டு மாடியில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

அவனுடைய அண்ணன் செம்மலையும் நாய் கடித்துத்தான் செத்தான். கடைசியில் கதவிடுக்குக் காற்றுக்கே அப்படிக் கத்தினான். இனி ஊசியும் கேட்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆச்சி மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்வதற்காகச் சின்னக்கருப்பனைக் கூப்பிட வாயெடுத்தாள்.

“ஆச்சி.”

வீரணன் கையைக் கழுவிவிட்டு வந்தான். ஓலைக் கொட்டானைத் திறந்து அதே இருமல் உருண்டையில் இன்னொன்றை எடுத்து, அதில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினான்.

“தேன்ல குழைச்சுக் கரண்டியால கொடுங்க. அவன் பல்லு உங்க மேல பட்டுறாம. விளக்கைத் தள்ளி வச்சுட்டு, நீங்க பக்கத்துலயே இருங்க.”

“அப்ப ரயிலு?”

“வேணாம் ஆச்சி.”

ஆச்சியின் முகம் தெளிந்தது.

“உன்ட்ட மருந்து இருக்கும்னு எனக்குத் தெரியும் வீரணா” என்றாள். வாழையிலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போனாள்.