இரண்டேகால் சங்கு

கஜேந்திரன் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கை ஊதவிட்டபோது மணி இரண்டேகால்.

அது ஊத வேண்டியது நாலரைக்கு.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அரைப் பையோடு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை குடையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். சங்குச் சத்தத்தில் அவர் வாய் மட்டும்தான் அசைந்தது. கீழே ரோட்டில் பயணத்துக்குத் தயாராக நின்ற வேனின் டிரைவர்கூட இறங்கி வேடிக்கை பார்த்தான்.

சுவிட்சின் மேல் தெரியாமல் சாய்ந்துவிட்டதாகத் தோட்டத் துரையிடம் சொன்னான் கஜேந்திரன். பொலிஸில் அதையே சிங்களத்தில் சொன்னான். ஹட்டன் கோர்ட்டில் சாய்ந்தே காட்டினான்.

"நாலு நிமிஷமாகவா சாய்ந்திருந்தாய்?" என்றார் நீதவான்.

"அசதி ஐயா."

கோர்ட்டே சிரித்தது. சிரித்து முடித்ததும் தண்டப்பணம் போட்டது.

குற்றத்தை ஒத்துக்கொண்டு, கட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடி என்று சொன்ன வக்கீல், ஏழு வருஷம் கழித்து அந்தக் கேஸ் கனடா வரைக்கும் கூடவே வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போது, ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தனுஜாவின் கொமியூனிகேஷன் கடையில், விசாப் படிவத்தில், அந்தக் கேள்வி நின்றது. எப்போதாவது உங்கள்மேல் வழக்கு இருந்ததா? ஆம். இல்லை.

அந்தப் படிவத்தின் மறுமுனையில் அவன் மனைவி சுதர்ஷினி இருந்தாள். டொரொண்டோவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்து இருந்தது நாற்பத்தொரு நாள். மிச்சக் குடித்தனம் எல்லாம் வட்ஸ்அப்பில்.

இந்தக் கேஸ் விசாவை மறிக்குமா என்று அவன் கேட்காத ஆள் இல்லை. யூனியன் தலைவர் "பேசிக்கலாம்" என்றார், கனடாவையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசப்போகிறவர் மாதிரி. ஏஜென்சிக்காரர் கண்ணடித்தார்.

"இல்லைன்னே போட்டுரும்மா," என்றான் தனுஜாவிடம். "நம்ம சங்கு கனடாவுக்கா கேட்டிருக்கப்போகுது?"

"எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்கண்ணே."

வீடியோவில் சுதர்ஷினி வந்தாள். வேலை முடிந்த கையோடு, டியூட்டி உடுப்பில். அவன் வழக்கம்போலத் தொடங்கினான். "போயும் போயும் ஒரு கேஸ்காரனக் கட்டிக்கிட்டியே. எதப் பாத்துடீ?"

மூன்று வருஷமாக அதே கேள்வி. மூன்று வருஷமாக, "உங்க தலைமுடியப் பாத்துத்தான்" என்று அதே பதில். அவனுக்கு இருந்ததே காதோரம் நாலு முடி.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"ஆமான்னு போடுங்க. இங்க வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். சங்கு ஊதுன கேஸு பெரிசில்லையாம். கேள்வி கேப்பாங்க, கொஞ்சம் சுணங்கும். மறைக்கிறதுதான் பெரிய குத்தம். தெரிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர ஏலாது."

தனுஜா 'ஆம்' என்பதை அழுத்தினாள். உடனே அடியில் ஒரு வெற்றுப் பெட்டி திறந்தது. நடந்ததைச் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டுமாம்.

அது அவனுக்கு மனப்பாடம். "சுவிட்சு மேல தெரியாம சாஞ்சு…"

"அத எழுதாதீங்க."

அவன் நிறுத்தினான்.

"அன்னைக்கி ஏர்போட் வேனுக்குள்ள நான் இருந்தேன். என்னைய வழியனுப்ப எங்கம்மாவுக்கு அரை நாள்கூட லீவு குடுக்கல, ஏழாம் நம்பர் மலையில நின்னாங்க. நீங்க சங்கு ரூம் ஜன்னல்ல நின்னு மலையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அம்மா ஓடி வந்து பாலத்தத் தாண்டுற வரைக்கும் சுவிட்சுல இருந்து கைய எடுக்கல. எதப் பாத்துக் கட்டிக்கிட்டேன்னு கேட்டீங்கல்ல? அதப் பாத்துத்தான்."