நாலாம் வருஷ அட்டை

வயிற்றைப் பிடித்துக்கொண்டே, டீ அண்டாவின் கரண்டியை ஜெயம்மாவின் கையில் திணித்தாள் தபிதாள். “அக்கா, வயிறு கலக்குது. கொஞ்ச நேரம் நீ ஊத்துறியா?”

“ஐயோ, போ போ!” என்றாள் ஜெயம்மா. மகள் ஆனிக்குத் தலைப்பிரசவம். இன்றோ நாளையோ என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அந்தக் கவலையிலும் மனுஷி முடியாது என்று சொல்லவில்லை.

தபிதாளின் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும். நேராக ஆலயத்துக்குள் ஓடி, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

சபையில் எத்தனை குடும்பமோ அத்தனை அட்டை. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் சொல்லும் வார்த்தை. எடுத்தது எடுத்ததுதான், மாற்றக் கூடாது.

மூன்று வருஷமாகத் தபிதாள் எல்லாருக்கும் டீ ஊற்றி முடித்து வரும்போது தட்டில் ஒரே ஒரு அட்டைதான் கிடக்கும். மூன்று வருஷமும் ஒரே வசனம். பாடு வரும், கடைசிவரை பொறுத்து நில் என்று. அச்சடித்து இரண்டு நாள்கூட ஆகாத அட்டை, அவள் கைக்கு வரும்போது மட்டும் மூலை மடங்கிக் கசங்கியிருக்கும்.

சொன்னபடி பாடும் வந்தது. முதல் வருஷம் புருஷன் எலியாஸ் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். மறு வருஷம் ஆர்.கே.பேட்டையில் அவன் வேலை பார்த்த தறிக்கொட்டகையை மூடிவிட்டார்கள். போன வருஷ மழையில் வீட்டுச் சுவர் சாய்ந்தது. அத்தனைக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலயத்துக்கு வராமல் இருந்ததில்லை.

“ஆண்டவரு கையில உன் அட்ரஸ் மட்டும்தான் கீது போல,” என்று காலையில்கூட எலியாஸ் கிண்டல் செய்தான்.

“இந்த வாட்டியும் அதே வந்துச்சுனா பாரு, இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்!”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனசு அவ்வளவு அலுத்துப் போயிருந்தது. மலைக்கோயில் படித்திருவிழா முடிந்து இறங்கிய கூட்டத்தில் பஸ்ஸில் காலூன்ற இடமில்லாமல், கே.ஜி.கண்டிகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

கண்ணை மூடித் தட்டிலிருந்து ஒன்றை உருவினாள். பயம் நீங்கும், வீடு நிறைய சந்தோஷச் சத்தம் கேட்கும் என்றிருந்தது. தபிதாளுக்கு அழுகையே வந்துவிட்டது. முழங்காலிட்ட அவள் தலையில் பாஸ்டர் கைவைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். அவள் எழுந்து போய்த் தூணோரமாக நின்றுகொண்டாள்.

அங்கே நின்றதால்தான் கண்ணில் பட்டது. பாஸ்டர் கண்மூடி ஜெபிக்கிற நேரம் பார்த்து, வரிசையில் நின்ற சாம் ஓர் அட்டையை எடுத்தார், படித்தார், முகம் சுண்டிப்போய்ச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். கொஞ்சம் பின்னால் வந்த ரத்தினம்மாள் கையிலும் அதுவே சிக்கியது. நெருப்பைத் தொட்டவள் மாதிரி விட்டாள். கூட்டம் குறையக் குறைய அந்த அட்டை கை கையாய் ஏறி இறங்கியது. மூலை மடங்கியது, கசங்கியது. கடைசியில் பாஸ்டரம்மாவே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் திருப்பிப் போட்டார்.

அடப் பாவிகளா! மூன்று வருஷமாய் ஆண்டவர் அனுப்பினார் என்று நினைத்து மாய்ந்தேனே, எல்லாம் உங்க வேலையா? தபிதாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தட்டில் அந்த ஒற்றை அட்டைதான் மிச்சம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஜெயம்மா ஓடிவந்தாள்.

“வயிறு தேவலையா தபிதா? ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. ஆனிய உள்ள இட்டுகினு போய்ட்டாங்களாம். கார்ட எடுத்துகினு ஓடணும். நல்ல வார்த்தையா வரணும்னு வேண்டிக்கடி.”

அவள் கை தட்டை நோக்கி நீண்டது. தபிதாள் தன் அட்டையை ஒருதரம் பார்த்தாள். பாய்ந்து போய் அதை ஜெயம்மாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, தட்டை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாடி இது? அப்போ தட்டுல கீறது?”

“அதைத் தொடாதக்கா, அது என்னோடது!”