கடைசி உருண்டை

மதியம் சமையற்கூடத்திலிருந்து இரண்டு டப்பாக்கள் வரும். யாழினிக்கு உறைப்பும் புளிப்புமாகச் சாளை மீன் குழம்பு. கணவர் தர்ஷனுக்கும் அதே குழம்புதான். ஆனால் அவருடைய கிட்னிக்கும் நாக்குக்கும் ஏற்ப, அவர் கையில் கட்டிய கருவி அன்றன்றைக்கு அனுப்பும் ரத்தக் கணக்கைப் பார்த்து உப்பை அளந்து வைத்தது. எட்டு மாதமாக அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. எந்த வைத்தியருக்கு இந்தக் கைப்பக்குவம் வரும்?

திங்கட்கிழமை சமையற்கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"அம்மா, ஐயாவுக்கு உப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே வருது. வெளியே ஏதாவது சாப்பிட்டாங்களா?"

யாழினி ஒப்புக்கொண்டாள். "நான்தாம்மா. என் தட்டுல கடைசி உருண்டையை அவருக்கு ஊட்டிட்டுத்தான் கை கழுவுவேன். நாற்பத்தாறு வருஷப் பழக்கம். இனிமே கொடுக்கலை."

அன்று தட்டை வழித்துத் தானே தின்றாள். வாயைத் திறந்து காத்திருந்த தர்ஷன், வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் அவள் டப்பாவின் ஓரத்தில் புதிதாக ஒரு சின்னக் குழி. அதில் சரியாக ஓர் உருண்டைக்குச் சோறும் குழம்பும். மேலே ஒரு சீட்டு:

"இது ஐயாவோட உப்பு. ஊட்டிட்டே கை கழுவுங்கம்மா."